அக்கரையில் முதல் மாதம்: வாசகர் கேள்வி பதில்

மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில், வெளிநாட்டில் போய்க் குடியமர்வது பற்றியவற்றை இம்முறை எடுத்துக்கொண்டோம். ஜெர்மனியைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம், ஆகவே அதற்கே அதிக இடம். பதில்களுக்கு முன் ஒரு வார்த்தை. மேலூரிலோ சோழவந்தானிலோ நம்மை இன்னார் வீட்டுப் பிள்ளை என்று நாலு பேருக்குத் தெரியும். போகிற ஊரில் நம்மைத் தெரிந்தது காகிதத்துக்கு மட்டும்தான். அதில் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பல, இந்த இரண்டில் ஒன்று பிசகியதால் வருபவை.

மேலூரிலிருந்து ஒரு தாயார்: மகனுக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. புரட்டாசி கழித்துப் புறப்படுகிறான். இறங்கியதும் எதை முதலில் செய்ய வேண்டும்? கையில் எவ்வளவு பணம் கொடுத்து அனுப்புவது?

முகவரிப் பதிவுதான் அம்மா முதல் வேலை. அங்கே அதை அன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்குள் குடிபுகுந்த நாளிலிருந்து 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட், விசா, பதிவுப் படிவம், இவற்றோடு ‘இவர் என் வீட்டில் இன்ன தேதியிலிருந்து குடியிருக்கிறார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அந்தத் தனித்தாள் இருந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் மாதத்துக்கு இணையத்தில் பார்த்து ஏதோ ஓர் அறை எடுத்துவிடுவார்கள். அந்த அறைக்காரர் பதிவுத்தாள் தரமாட்டேன் என்பார். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது. சில வங்கிகள் கணக்கு திறக்காது. தங்கும் அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும் பதிவுச் சான்றைக் கேட்பார்கள். ஆகவே தற்காலிக அறைக்குப் பணம் கட்டும் முன்பே, ‘இந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா?’ என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பதிவு தரும் அறையே நல்லது. பெரிய நகரங்களில் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைப்பது கடினம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் நாள் வாங்கி வைப்பது உத்தமம்.

அடுத்தது தபால் பெட்டி. அங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்துக் கடிதம் போடுவதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். 11 இலக்க வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில்தான் வரும். குடிபுகுந்த அன்றே, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிட வேண்டும். வேறொருவர் வீட்டில் அறை என்றால் அவர் பெயருக்குக் கீழே இவன் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். வரி எண் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் கம்பெனி முதல் சம்பளத்தில் 6-ஆம் வரி வகுப்பின்படி பிடித்தம் செய்ய நேரிடும். அதுதான் இருப்பதிலேயே அதிகப் பிடித்தம். எண் வந்தபின் கணக்கைச் சரிசெய்து திரும்பத் தருவார்கள் என்றாலும், முதல் மாதத்தில் கை இறுகிப் போகும்.

பதிவு முடிந்து சில வாரங்களில் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை, ரேடியோ இல்லை என்றாலும் கட்ட வேண்டும். விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டால் அபராதத்தோடு மறுபடி வரும். ஒரே வீட்டில் மூன்று பேர் தங்கினால் ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிடலாம்.

பணக் கணக்குக்கு வருவோம். அங்கே வாடகையை இரண்டாகச் சொல்வார்கள். ‘கால்ட்’ என்றால் வெறும் வீட்டு வாடகை. ‘வார்ம்’ என்றால் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இரண்டிலும் அடங்காது. அட்வான்ஸ் என்பது கால்ட் வாடகையில் 3 மாதத்துக்கு மேல் போகக் கூடாது, அதையும் 3 தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. கால்ட் 900 யூரோ, வார்ம் 1,100 யூரோ என்று ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், அட்வான்ஸ் அதிகபட்சம் 2,700. முதல் மாத வாடகையோடு சேர்த்தால் 3,800. சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். மாத நடுவில் சேர்ந்தால் சில கம்பெனிகளில் அடுத்த மாதக் கடைசிக்கும் தள்ளிப்போகும். எனவே 5,000 யூரோ அளவுக்குக் கைவசம் இருந்தால் நிம்மதி. அதை நோட்டாகக் கொண்டுபோக வேண்டாம். வெளிநாட்டு நோட்டு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் அனுமதி. 500 யூரோ மட்டும் ரொக்கமாகவும், மீதி வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டிலும் இருக்கட்டும்.

இன்னொரு அதிர்ச்சியையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். அங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை என்று ஓர் அறை இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்குக்குக் கூடச் சுவரில் வயர்தான் தொங்கும். விளம்பரத்தில் சமையலறை உண்டு என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடி. அதில் சந்தேகமே வேண்டாம்.

திருமங்கலத்திலிருந்து ஓர் இளைஞர்: என் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே ஒரு சொல்தான். சர்நேம் கட்டம் காலி. சான்றிதழ்களில் எல்லாம் இனிஷியலோடு இருக்கிறது. இதனால் தொந்தரவு வருமா?

வரும். எந்த நாட்டுக்கு, எந்த விசாவில் என்பதைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும். அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. ஐரோப்பாவில் சர்நேம் காலியாக இருந்தால், இருக்கிற ஒரே பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்துவிடுவார்கள். வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டில் இன்னொரு மாதிரி என்று பதிவாகிவிட்டால் பிறகு ஒவ்வோர் இடமாக அலைந்து திருத்த வேண்டும்.

நம் ஊர் இனிஷியல் முறையை அந்த அலுவலகங்களுக்கு விளக்கி மாளாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, இங்கேயே சரிசெய்வதுதான் வழி. முதலில் ஆதாரில் பெயரைத் தந்தை பெயரோடு விரித்து எழுதித் திருத்துங்கள். பிறகு பான், வங்கி. அதன்பின் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் தந்தை பெயரைச் சர்நேம் கட்டத்திலும் போடுங்கள். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களை மாற்ற வேண்டியதில்லை. ‘இருவரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி நோட்டரி கையெழுத்தோடு நாலு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விசா ஒட்டியபிறகு பாஸ்போர்ட்டில் கைவைக்காதீர்கள், அந்த விசா பழைய எண்ணோடு கட்டுப்பட்டது.

கல்யாணமானவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இனிஷியலோடு மட்டும் இருந்தால், குடும்ப விசாவில் அதுவே கேள்வியாகும். மாநகராட்சியில் திருத்தம் வாங்க நாளாகும். பாஸ்போர்ட்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி: ஒரு மகள் துபாயில், இன்னொருத்தி ஜெர்மனியில். குழம்பு மசாலா, நெய், கருவாடு, உப்புக்கண்டம், மல்லிகைப்பூ எல்லாம் கொடுத்து அனுப்பலாமா?

முதலில் கசகசா. இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள் அம்மா. நம் வீட்டுக் குருமாவில் சாதாரணமாகப் போடும் கசகசா, அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்த் தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை அது. வளைகுடாவின் மற்ற பல நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இதே தடைதான். தெரியாமல் கொண்டுபோய் ஜெயிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். தனியாக மட்டும் அல்ல, அரைத்த மசாலாப் பொடிக்குள்ளும் இருக்கக் கூடாது. கடையில் அரைத்த பொடி என்றால் என்னென்ன போட்டார்கள் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். வீட்டில் நீங்களே மிளகாய், மல்லி, சீரகம், மிளகு வறுத்து அரைத்துக் கொடுப்பதே பத்திரம். மருந்திலும் இதே எச்சரிக்கை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை போன்றவற்றை அமீரக சுகாதாரத் துறையின் முன் அனுமதி இல்லாமல் கொடுத்து அனுப்பாதீர்கள்.

ஜெர்மனிக்கு விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் இறைச்சியும் பால் பொருளும் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. அதனால் உப்புக்கண்டம், நெய், பன்னீர் எல்லாம் கிடையாது. கைக்குழந்தைக்கான பால்பவுடர் மட்டும் பிரிக்காத டப்பாவில் 2 கிலோ வரை போகலாம். ஆச்சரியம் என்னவென்றால் கருவாட்டுக்குத் தடை இல்லை. மீன் பொருள் 20 கிலோ வரை அனுமதி உண்டு. காற்றுப் புகாத உறையில் இரண்டு சுற்றுப் போட்டுக் கட்டுங்கள், வாடை மற்றவர் பெட்டியில் ஏறினால் சண்டை வரும். தேன் 2 கிலோ வரை போகலாம். வத்தல், அப்பளம், பருப்புப் பொடி, புளி இவற்றுக்குத் தொந்தரவில்லை.

பச்சை இலை, பூ, பழம் என்று எது கொண்டுபோனாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன். எனவே கறிவேப்பிலையும் மதுரை மல்லியும் பெட்டியில் வேண்டாம். கறிவேப்பிலையை நிழலில் உலர்த்தி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். வாசனை பாதிகூட நிற்காது. ஜெர்மன் நகரங்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி அரிசி, எல்லாம் அங்கே கிடைக்கும். எந்தக் கிழமை சரக்கு வருகிறது என்று மகள் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: மிக்ஸி, கிரைண்டர், குக்கர் எல்லாம் ஜெர்மனிக்கு எடுத்துப் போகலாமா? அங்கே மாவு பொங்குவதே இல்லை என்கிறார்களே?

ஜெர்மனியில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊரில் உள்ளதுதான். மிக்ஸி அப்படியே ஓடும். மாறுவது பிளக் மட்டும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. விமான நிலையத்தில் விற்கும் பயண அடாப்டர்களில் பல, எர்த் இணைப்பு இல்லாதவை. உலோக உடல் உள்ள சாமானுக்கு அதை நம்பக் கூடாது. அங்கே போனபின் எர்த் உள்ள அடாப்டர் வாங்கலாம், அல்லது எலக்ட்ரீசியனை வைத்துப் பிளக்கையே மாற்றலாம். அமீரகம், சிங்கப்பூர் என்றால் சதுர மூன்று முள். அமெரிக்கா என்றால் கதையே வேறு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் மிக்ஸியை நேரடியாகச் சொருகினால் திணறும். டிரான்ஸ்பார்மர் வாங்கும் செலவுக்கு அந்த ஊர் வோல்ட்டுக்கென்றே செய்த மிக்ஸி வாங்கிவிடலாம்.

கிரைண்டரின் எடையைப் பாருங்கள். கல்லோடு 10 கிலோவைத் தாண்டிவிடும், பெட்டி வரம்பு பெரும்பாலும் 23 கிலோ. இரண்டு பேர் குடும்பத்துக்கு நல்ல மிக்ஸி போதும் என்பதே எங்கள் கருத்து. உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்து அரைத்தால் ஜார் சூடேறாது. குக்கரில் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். அங்கே பல வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டாத அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. எவர்சில்வர் குக்கரிலும் அடிப்பாகத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

மாவு பொங்காததற்குக் காரணம் குளிர்தான். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 டிகிரி வரை சுகமான சூடு. குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் 20 டிகிரிதான் இருக்கும். 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். உளுந்தைக் குளிர்ந்த நீரில் அரைத்தாலும், அரிசியை அரைக்க வெதுவெதுப்பான நீர் விடுங்கள். கையால் நன்றாகக் கலக்குங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மின் அடுப்புப் பெட்டியை, அதாவது ஓவனை, 2 நிமிடம் மட்டும் குறைந்த சூட்டில் போட்டு அணைத்துவிட்டு, உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வையுங்கள். 10 முதல் 14 மணி நேரத்தில் பொங்கும். சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மாவு புளித்துக் கெட்டுவிடும், பொங்காது. ஓவன் கதவில் ‘உள்ளே மாவு’ என்று ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது தெரியாமல் ஓவனைப் போட்டுவிட்டால் மாவும் போச்சு, பாத்திரமும் போச்சு.

கே.புதூரிலிருந்து ஒரு தந்தை: ஜெர்மனியில் மகள் வீட்டுச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. அட்வான்ஸில் பிடிப்பேன் என்கிறாராம் வீட்டுக்காரர். நம் பிள்ளைகள் வீட்டைச் சுத்தமாகத்தானே வைத்திருக்கிறார்கள்?

சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை ஐயா. ஈரம்தான் காரணம். குளிர் உள்ளே வராதபடி ஜன்னல்கள் இறுக்கமாக மூடிக்கொள்ளும் வீடுகள் அவை. நாலு பேர் உள்ள வீட்டில் குளியல், சமையல், துணி உலர்த்தல், மூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. சோறு வடித்து, ரசம் கொதிக்கவிட்டு, இட்லி அவிக்கும் நம் வீடுகளில் ஆவி இன்னும் அதிகம். அந்த ஈரக்காற்று, வெளிச்சுவரின் குளிர்ந்த மூலையில் பட்டு நீராக மாறுகிறது. அங்கேதான் பூஞ்சை பிடிக்கிறது.

குளிருக்குப் பயந்து ஜன்னலை லேசாகச் சாய்த்துத் திறந்து நாள் முழுக்க விட்டுவிடுவது பெரிய தவறு. காற்று மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் குளிர்ந்துபோய் அங்கேயே பூஞ்சை வரும். சரியான முறை: ஒரு நாளைக்கு 3, 4 தடவை, எதிரெதிர் ஜன்னல்களை முழுசாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம் வைத்து மூடிவிடுவது. அந்த நேரத்தில் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, பாத்திரத்தை மூடி வைத்து, முடிந்தவுடன் அந்த அறை ஜன்னலைத் திறக்க வேண்டும். படுக்கையறை ஹீட்டரை முழுக்க அணைக்கக் கூடாது, 16 டிகிரிக்குக் கீழே விட வேண்டாம். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சிறிய ஈரப்பத மானி ஒன்றை வாங்கி வைத்து, 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் தகராறுக்கே இடமிருக்காது.

இப்போது இருக்கும் பூஞ்சைக்கு: சிறு திட்டு என்றால் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நெருப்பு இல்லாமல். பெரிதாகப் பரவியிருந்தால் படம் எடுத்து, தேதி போட்டு, வீட்டுக்காரருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பது குடித்தனக்காரரின் கடமை. சும்மா இருந்துவிட்டால் பிறகு அதுவே அவருக்கு வாதமாகிவிடும். சுவருக்குள் கசிவோ கட்டுமானக் குறையோ காரணம் என்றால் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஒவ்வொரு நகரிலும் மீட்டர்ஃபெராயின் என்ற குடித்தனக்காரர் சங்கம் உண்டு. ஆண்டுச் சந்தா கட்டினால் வழக்கறிஞர் ஆலோசனை கிடைக்கும். மகள் உடனே சேர்வது நல்லது. கோபத்தில் தானாக வாடகையைக் குறைத்துக் கட்ட மட்டும் வேண்டாம்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: தம்பி எட்டாவதுதான் படித்திருக்கிறான். குவைத்தில் டிரைவர் வேலை, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். ஒன்றரை லட்சம் கேட்கிறார்.

தம்பியை அனுப்பாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகையில் இருக்கும். அதை வைத்திருப்பவர் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போக இந்தியக் குடிபெயர்வு அலுவலரின் அனுமதி வேண்டும். குவைத், சவுதி, அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விசிட் விசாவில் அனுப்புவது அந்த அனுமதியைத் தவிர்ப்பதற்கான குறுக்கு வழி. போன இடத்தில் சம்பளம் தராவிட்டாலும், அடித்தாலும், தொழிலாளி என்று காட்ட உங்கள் தம்பியிடம் ஒரு தாள்கூட இருக்காது.

அரசுப் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்பதை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்பதே பதில் சொல்லிவிடுகிறது. முறையாகப் போனால் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடும் உண்டு. 2 ஆண்டுக்கு 275 ரூபாயும் வரியும்தான் பிரீமியம், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் முயலலாம். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் யார் செலவு, இந்த நாலும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

படித்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நேர்முகம் வாட்ஸப்பில் முடிந்துவிட்டது என்று வரும் அழைப்புகளை நம்பிப் போனவர்களை மியான்மர் எல்லைக்கும் கம்போடியாவுக்கும் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் மாட்டி மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

சோழவந்தானிலிருந்து: மகன் வெளிநாடு போனபின் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கை நானே பார்த்துக்கொள்ளலாமா? வயல் ஒன்றும் அவன் பெயரில் வாங்க ஆசை.

வயலை இப்போதே வாங்கினால் சரி, போனபின் முடியாது. வெளிநாட்டுவாழ் இந்தியர் இங்கே வீடு, மனை வாங்கலாம். நஞ்சை, புஞ்சை, தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்கக் கூடாது. உங்கள் காலத்துக்குப் பின் வாரிசாக அவருக்கு வந்து சேர்வதற்குத் தடை இல்லை.

வங்கியில், வேலைக்கென்று புறப்பட்டவுடன் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வேண்டும். பலர் மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். அது விதிமீறல். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறக்கலாம். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துப் போகலாம். என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடிப்பார்கள். ஆகவே ஊர் வாடகை, குத்தகைப் பணம் மட்டும் அதில் விழட்டும். ஏற்கனவே உள்ள பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் திறக்க முடியாது.

ஓ.டி.பி. வரும் சிம்முக்குக் கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங் போட்டுவிட வேண்டும். அங்கே போய்ப் போட முயன்றால், அதற்கே ஓ.டி.பி. கேட்கும், அது வராது. சிம் காலாவதியாகாமல் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பவர் எழுதித்தர வேண்டுமென்றால் போகும் முன் இங்கேயே பதிவு செய்துவிடுவது மிக எளிது. அங்கிருந்து எழுதினால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பவர்களுக்கு மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்.

ஒரு வரிக் கேள்வி, பேரையூரிலிருந்து: நம் டிரைவிங் லைசென்ஸ் ஜெர்மனியில் செல்லுமா?

குடியேறிய முதல் 6 மாதம் செல்லும், மொழிபெயர்ப்போ இங்கே ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச உரிமமோ கூட இருக்க வேண்டும். அதன்பின் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் எழுதித்தான் அந்நாட்டு உரிமம் வாங்க முடியும். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் ஊர், ஆகவே சில வகுப்புகளுக்காவது பணம் ஒதுக்குங்கள்.

மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து ஒரு மாமியார்: மருமகள் ஜெர்மனி போய் ஒரு மாதம் ஆகிறது. பேசும்போதெல்லாம் அழுகிறாள். மகன் காலையில் போனால் இரவுதான் வருகிறான். என்ன செய்யச் சொல்வது?

அழுவதைத் தவறாக எடுக்காத மாமியார் கிடைத்ததே அந்தப் பெண்ணுக்குப் பெரிய பலம். முதலில் வெளிச்சத்தைச் சொல்கிறோம், இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மார்கழியிலும் மதுரையில் பதினொன்றரை மணி நேரம் பகல் உண்டு. டிசம்பரில் ஜெர்மனியின் தென்பகுதியிலேயே எட்டே கால் மணி நேரம்தான். காலை எட்டுக்குத்தான் விடியும், நாலரைக்கு இருட்டிவிடும். அதுவும் மேகம் மூடிய பகல். உடலும் மனமும் சோர்வதற்கு அது ஒன்றே போதும். மழையோ பனியோ, மத்தியானம் அரை மணி நேரம் வெளியே நடக்கச் சொல்லுங்கள். அதற்கேற்ற கோட்டும் நீர் புகாத காலணியும் அங்கே போய் வாங்கியவையாக இருக்கட்டும். இங்கே வாங்கும் குளிர் உடை ஊட்டிக்குத்தான் போதும். வைட்டமின் டி அளவைக் குடும்ப மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளட்டும். மகன் அரசு வகை மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வேலையில்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கட்டணம் இல்லாமல் அதே காப்பீடு கிடைக்கும், கேட்டுச் சேர்க்க வேண்டும். இரவிலோ விடுமுறையிலோ உடம்புக்கு முடியவில்லை என்றால் மருத்துவ உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண் 116117. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

அடுத்தது மொழி. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு, கட்டணம் குறைவு. புதிதாகக் குடியேறியவர்களுக்கான, அன்றாடப் பேச்சுக்குப் போதுமான பி1 நிலை வரை போகும் ஒருங்கிணைப்பு வகுப்பு பொதுவாக 700 பாட நேரம். வாரத்தில் நாலைந்து நாள் காலையில் போக ஓரிடம், தன்னைப் போலவே புதிதாக வந்த பத்துப் பெண்கள். எங்களைக் கேட்டால், மருந்தைவிட இது நன்றாக வேலை செய்யும். அங்கே வேலை பார்ப்பவரின் மனைவிக்கு வேலைக்குப் போகவும் அனுமதி உண்டு. மருமகள் படித்திருந்தால் சான்றிதழ்களை இப்போதே அனுப்பிவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் அடைத்திருக்கும். அன்றும் இரவு பத்துக்குப் பிறகும் மிக்ஸி ஓட்டினால், ஆணி அடித்தால், அக்கம்பக்கத்தார் புகார் சொல்வார்கள். புதிதாகப் போனவர் அதைப் பகை என்று எடுத்துக்கொண்டு ஒடுங்கிவிடக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான விதி அது. சனிக்கிழமையே காய்கறி வாங்கி, மாவை அரைத்து வைத்துவிடட்டும்.

கோயிலுக்கு ஏங்குகிறார் என்றால், ஹாம் நகரத்தின் ஊன்ட்ரோப் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-இல் குடமுழுக்கு நடந்தது, கோபுரத்தோடு தென்னாட்டுக் கோயில் போலவே இருக்கும். கோடையில் தேர் ஓடும். மகனை அப்போது விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் பேசும் நேரத்தையும் பாருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை அவர்கள் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் மூன்றரை. அங்கே இருட்டத் தொடங்கி, மகனும் வராத அந்த மாலை நாலரை மணி, மதுரையில் இரவு ஒன்பது. அந்த நேரத்துக்குப் போன் போடுங்கள்.